ஏட்டுப் பித்தர் சர் தாமஸ் பிலிப்ஸ்

பொன் திரட்டியோர் வரலாறும் மண் திரட்டியோர் வரலாறும் உலகில் பல உண்டு. ஆயின், பிறர் எழுதிவைத்த பழைய ஏடுகளைத் திரட்டும் பொருட்டுப் பொன்னையும் மண்ணையும் இழக்கத் துணிந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வர் என எண்ணத்தக்க ஒருவர் இங்கிலாந்து நாட்டில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். அவர் பெயர் சர் தாமஸ் பிலிப்ஸ். நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் செயலாளர் பணித்தபோது, புலமை மிக்க அன்பர்கள் பலர் எழுதும் மலரில் சரக்கு அலுவலகக் கணக்கெழுதும் நாம் என் எழுதுவது என்று முதலில் தயங்கினோம். பின்னர், இப்பெரியாருடைய வாழ்க்கையைச் சொன்னால் நமது சங்கத்துக்கும் ஒருவாறு பயன்படும் என்று தோன்றியமையின் எழுதத் துணிந்தோம். ஏன் பயன்படும் என்பதை இறுதியிற் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

தாமஸ் பிலிப்ஸ் 1792ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் மாஞ்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் துணி வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். தாயும் தந்தையும் முறைப்படி மணம் புரிந்தவர் அல்லர். அக்காலத்து ஆங்கிலச் சமுதாயத்தில் இஃது எளிதில் நீங்காத இழிவாகக் கருதப்பட்டது. எனினும் தந்தையார் ஒரே மைந்தனைத் தம்முடனேயே வைத்து வளர்த்தார். ரக்பி பள்ளியிலும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திலும் பயிற்றுவித்தார். வாணிகத்தை விடுத்து, உஸ்டர் மாவட்டத்தில் பிராட்வே என்னும் ஊரை அடுத்த மிடில் ஹில் என்னும் மாளிகையையும் நிலங்களையும் வாங்கிக் குடியேறினார்.

மைந்தருக்கோ நிலத்தில் நாட்டம் இல்லை, நூலிலேதான் நாட்டம். ஆறு வயது நிரம்பிய காலத்திலேயே அவரிடம் 110 புத்தகங்கள் இருந்தனவாம். பள்ளிப் பருவத்திலும் கல்லூரிப் பருவத்திலும் தந்தை அளித்த பணத்துக்கு மேலாகவே புத்தகம் வாங்கிக் கடன்பட்டார். தந்தையார் கடிந்தார், கடனை அடைத்தார், மீண்டும் கடிந்தார். 1818இல் அவர் காலமானபோது, மைந்தருடைய இயல்பை நன்கு அறிந்திருந்தமையால், நிலத்தின் வருவாயை மட்டும் அவர் நுகருமாறும், நிலத்தை விற்க இயலாதவாறும் ஏற்பாடு செய்து வைத்தார். பிலிப்ஸுக்குப் பின் அந்நிலம் அவர்தம் மூத்த வழிக்கே சேரவேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஒரு விதி பின்னாளில் ஒரு குடும்பத்தையே பிளக்கும் என்பதை அத்தந்தையார் அறிந்திலர்.

1819இல் பிலிப்ஸ், ஹென்றியெட்டா மாலினோ என்னும் நங்கையை மணந்தார். 1821இல் பாரனெட் என்னும் பட்டமும் அவரை வந்தடைந்தது. மூன்று பெண் மக்கள் பிறந்தனர்.

ஏடுகள் சந்தைக்கு வந்த காலம்

பிலிப்ஸின் வேட்கையை நாம் உணரவேண்டுமாயின், அவர் தேடிய ஏடுகள் எத்தகையன என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டில் பனையோலை போல, இடைக்கால ஐரோப்பாவில் எழுதுவதற்குப் பயன்பட்டது விலங்கின் தோலேயாகும். கன்று, ஆடு ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி வழவழப்பாக்குவர். ஒரு பெரிய வேத நூலுக்கு நூற்றுக்கணக்கான விலங்குகளின் தோல் தேவைப்படுவதும் உண்டு. எழுத்தாளர் இறகு பேனாவால் எழுதி முடித்தபின் ஓவியர் தம் பணியைத் தொடங்குவார். தலையெழுத்துகளையும் பக்க ஓரங்களையும் பொன் தகட்டாலும் வண்ணத்தாலும் அணிசெய்வார். பொன்னிலை ஒட்டிய இடத்தை நாயின் பல் போன்ற வழுவழுப்பான கருவியால் தேய்த்து ஒளிரச் செய்வார். நீல வண்ணத்துக்கு வேண்டிய கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கிய நூல்கள் மடங்களிலும் அரசர் மனைகளிலும் காக்கப்பட்டு வந்தன.

1789இல் பிரான்சில் புரட்சி எழுந்தது. மடங்களின் உடைமைகளை அரசு கைக்கொண்டது. பின்னர் நெப்போலியனுடைய போர்கள் ஐரோப்பா முழுவதையும் கலக்கின. 1803ஐ ஒட்டி ஜெர்மன் நாடுகளிலும் மடங்கள் கலைக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக அசையாதிருந்த நூல் நிலையங்கள் சிதறின. சில அரசு நூலகங்களைச் சேர்ந்தன. பல வணிகர் கைக்குச் சென்றன. எஞ்சியவை எடைக்குச் சென்றன. எடைக்கு வாங்கியோர் யாவர்? பொன்னைத் தகடாகத் தட்டுவோருக்கு இடையில் வைப்பதற்குத் தோல் வேண்டும். பசை காய்ச்சுவோருக்குத் தோல் வேண்டும். புத்தகம் கட்டுவோருக்கும் தோல் வேண்டும். இவ்வாறு எத்தனையோ ஏடுகள் கொதிக்கும் கொப்பரையிற் கரைந்து மறைந்தன.

இதனைக் கண்ட பிலிப்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். தோலேட்டின் விலை உயர்ந்தால் எவரும் அதனைக் கொப்பரையில் இடமாட்டார். ஆதலின் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி விலையை உயர்த்துவதே ஏட்டைக் காக்கும் வழி என்பது அவர் எண்ணம். பித்தர் எனப் பிறர் நகைத்தனர். ஆயின் அப்பித்தில் ஒரு தெளிவு இருந்ததை நாம் மறுத்தற்கில்லை.

வாங்கிக் குவித்த வரலாறு

1820களில் கடன்காரர் தொல்லை மிகவே, பிலிப்ஸ் குடும்பத்துடன் ஐரோப்பியக் கண்டத்திற் சென்று தங்கினார். சிக்கனத்துக்காகச் சென்றவர் ஏடு மலிந்த நாட்டிற்கே சென்றார் என்பது வேடிக்கை. 1824இல் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் மீர்மன் என்பார் குடும்பத்து நூல்கள் ஏலத்துக்கு வந்தன. பாரிஸில் ஏசு சபையார் கல்லூரியில் இருந்த பழம்பெரும் ஏடுகள் அத்தொகுதியில் அடங்கியிருந்தன. பிலிப்ஸ் அவற்றுட் பெரும்பகுதியை வாங்கினார். அதன் பின்னர் அவர் வேகம் தணியவில்லை. ஒருவருடைய தொகுதி முழுவதையும் ஒரே பேச்சில் வாங்குவார். லண்டன் வணிகர் ஒருவரின் விலைப்பட்டியலைப் பார்த்து, இதில் உள்ள யாவும் வேண்டும் என்று எழுதிவிடுவார். வாரத்துக்கு நாற்பது ஐம்பது ஏடுகள் வந்திறங்கிய காலமும் உண்டு.

பணம் கொடுப்பதில் அவர் அத்துணை வேகம் காட்டினார் அல்லர். வணிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவரை நம்பிக் கடன் கொடுத்த நூல் வணிகர் சிலர் நொடித்துப் போனதும் உண்டு. ஏட்டைக் காத்தவர் ஏடு விற்றோரைக் காத்திலர். வாழ்நாள் முழுவதும் அவர் இதற்கெனச் செலவிட்ட தொகை 2 லட்சம் முதல் 2½ லட்சம் பவுன் வரை இருக்கலாம் எனக் கணக்கிட்டுள்ளனர். இறுதியில் அவரிடம் சேர்ந்த கையெழுத்து ஏடுகள் ஏறத்தாழ 60,000. அச்சு நூல்கள் ஏறத்தாழ 40,000. தனி மனிதர் ஒருவர் தம் கைப்பொருளால் இவ்வளவு ஏடு திரட்டியதை அதற்கு முன் உலகம் கண்டதில்லை.

வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. தம் ஊரை அடுத்த குன்றின் மேலுள்ள பிராட்வே கோபுரத்தில் ஓர் அச்சகம் நிறுவினார். ஏடுகளுக்கு எண்ணிட்டு அட்டவணை அச்சிட்டார். 23,837 எண்கள் கொண்ட அவ்வட்டவணை 1837 முதல் அவர் இறக்கும் காலம் வரை சிறிது சிறிதாக வெளிவந்தது. இன்றும் ஏடு ஆராய்வோர் பிலிப்ஸ் எண் எனக் குறிப்பது அவர் இட்ட எண்ணையேயாகும். சரக்கு மூட்டையில் ஒட்டிய சீட்டுப் போல, அவ்வெண்ணைக் கொண்டே ஓர் ஏடு எங்கிருந்து எங்கே சென்றது என்பதைப் பின்தொடர முடிகிறது. தம்மை நாடிவந்த அறிஞர்க்கு அவர் வீட்டிலேயே இடமும் உணவும் அளித்து ஏடுகளைக் காட்டினார் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

வீடு எங்கே, ஏடு எங்கே

மிடில் ஹில் மாளிகையில் மனிதர் வாழ இடம் சுருங்கியது. படுக்கை அறையிலும் நடைவழியிலும் பெட்டிகள் உயர்ந்தன. உணவறையும் ஏட்டறையாயிற்று. தீப்பிடித்தால் விரைந்து தூக்கிச் செல்லுதற்கெனச் சவப்பெட்டி போன்ற நீண்ட பெட்டிகளைச் செய்வித்து, முன்பலகை கீழே திறக்குமாறு அமைத்து, அவற்றையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பூச்சிகளை ஈர்க்கும் பொருட்டு மரக்கட்டைகளுக்குப் பசை தடவி வீட்டில் ஆங்காங்கே வைத்தார். பூச்சி ஏட்டை விட்டுக் கட்டையில் முட்டையிடும். கட்டையை எரித்துவிடலாம் என்பது சூழ்ச்சி.

இவ்வளவு அறிவுடன் ஏட்டைப் பேணியவர் மனையாளைப் பேணியதாகக் கூறுவதற்கில்லை. ஓயாத கடனிடையே வாழ்ந்த அவ்வம்மையார் 1832இல் இளமையிலேயே இறந்தார். பெண் மக்கள் மூவரும் தந்தையாருக்காக ஏடு படியெடுத்துத் துணைபுரிந்து வளர்ந்தனர்.

மகளும் மருகரும்

பழமை ஆராய்ச்சியில் ஊக்கமுடைய ஜேம்ஸ் ஆர்ச்சர்டு ஹாலிவெல் என்னும் இளைஞர் பிலிப்ஸுடன் தொடர்பு கொண்டு மிடில் ஹில்லுக்கு வந்து போகலானார். ஏடு காண வந்தவர் மூத்த மகள் ஹென்றியெட்டாவைக் கண்டார். இருவரும் மணம் புரிய விழைந்தனர். ஹாலிவெல்லிடம் பொருள் இல்லை, பிலிப்ஸ் இசையவில்லை. 1842 ஆகஸ்டுத் திங்களில் ஹென்றியெட்டா தந்தையின் சம்மதமின்றியே ஹாலிவெல்லை மணந்துகொண்டார்.

அன்று மூண்ட சினம் பிலிப்ஸின் இறுதி மூச்சு வரை அவியவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஹாலிவெல் மேல் ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலிருந்து காணாமற்போன ஏடுகள் அவர் வழியாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டிருந்தன என்பது அது. வழக்குத் தீர்ப்பு வரை செல்லவில்லை. பழி மட்டும் நீங்காது நின்றது. பிலிப்ஸுக்கு இது நெய் வார்த்ததுபோலாயிற்று. மகள் எழுதிய வேண்டுகோள்கள் பயனற்றன.

தந்தையார் செய்த பழைய ஏற்பாட்டின்படி மிடில் ஹில் நிலமும் மாளிகையும் தமக்குப்பின் ஹென்றியெட்டாவுக்கே சேரும். அதனைத் தடுக்கப் பிலிப்ஸுக்கு உரிமை இல்லை. ஆயின், சேரும்போது அது பயனற்றதாக இருக்கவேண்டும் என்று உறுதி பூண்டார். நிழல் தந்த மரங்களை வெட்டி விற்றார். மாளிகையைப் பழுதுபாராது விட்டார். தாம் வாழ்ந்த வீட்டைத் தாமே பாழாக்கிய செல்வரை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் ஏடுகள் அவ்வீட்டில் இருக்கலாகாதல்லவா? எனவே 1863இல் செல்ட்டனம் நகரிலுள்ள திர்ல்ஸ்டேன் மாளிகைக்கு அவற்றை மாற்றத் தொடங்கினார்.

சரக்கு அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்தோறும் வியப்பு மேலிடுகிறது. பிராட்வேக்கும் செல்ட்டனத்துக்கும் இடையே ஏறத்தாழ 15 மைல் தொலைவு. செல்ட்டனத்துக்கு 1840லேயே புகைவண்டி வந்துவிட்டது; பிராட்வேக்கோ 1904இல்தான் வந்தது. ஆதலின் யாவும் சாலை வழியே செல்லவேண்டியிருந்தது. 105 பார வண்டிகள், 230 குதிரைகள், 160 ஆட்கள் எனக் கணக்குச் சொல்கின்றனர். பாரம் தாங்காமல் வழியிலேயே ஒடிந்த வண்டிகளும் உண்டு. மழையிலும் சேற்றிலும் ஓராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஏடுகள் குதிரை வண்டியில் ஊர் மாறிய காட்சியை மனக்கண்ணாற் காண்க. அனைத்தும் ஒரு மகளின் மேற்கொண்ட சினத்தின் பொருட்டு! 1842இல் பிலிப்ஸ் மறுமணம் செய்துகொண்டிருந்தார். அவ்வம்மையார் புதிய மாளிகையிலும் புத்தகங்களுக்கும் எலிகளுக்கும் இடையே ஒதுங்கி வாழ நேர்ந்தது.

நாட்டுக்கு அளிக்க முயன்றமை

வயது ஏற ஏற, தமக்குப்பின் இவ்வேடுகள் என்னாகும் என்னும் கவலை பிலிப்ஸை வாட்டியது. நாட்டுக்கு உரியதாக்க வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு மெய்யாகவே இருந்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துடன் பேசினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துடன் பேசினார். நிதி மந்திரியாக இருந்த டிஸ்ரேலியுடனும் கடிதப் போக்குவரத்து நடத்தினார். 1861இல் அருங்காட்சியகத்தின் அறங்காவலருள் ஒருவராகவும் ஆனார். ஏற்கும் இடங்கள் இருந்தன. அளிக்கும் மனமும் இருந்தது. ஆயினும் ஒன்றும் கைகூடவில்லை. அவர் விதித்த நிபந்தனைகளை ஏற்கவல்ல நிலையம் எதுவும் இல்லை. கொடுத்தபின்னும் தம் கையிலேயே இருக்கவேண்டும் என்று விரும்புவோர் கொடுத்தல் அரிது என்பதே நாம் இதிற் காணும் உண்மை.

1872 பிப்ரவரி 6ஆம் நாள் பிலிப்ஸ் காலமானார். அவர் எழுதிவைத்த விருப்ப ஆவணத்தின்படி திர்ல்ஸ்டேன் மாளிகையும் ஏடுகளும் கடைசி மகள் காதரைன் குடும்பத்தைச் சேர்ந்தன. ஏடுகள் அம்மாளிகையை விட்டு அகலலாகாது. நூல் வணிகரோ அயலாரோ அவற்றை மாற்றி அடுக்கலாகாது. ஹென்றியெட்டாவும் ஹாலிவெல்லும் உள்ளே காலடி வைக்கலாகாது. ரோமன் கத்தோலிக்கர் எவரும் ஏடுகளைப் பார்க்கலாகாது. கத்தோலிக்க மடங்களில் துறவிகள் இரவுபகலாக எழுதிய ஏடுகளைக் கத்தோலிக்கர் பார்க்கலாகாது என்றால் இக்கொடுமையை என்னென்பது! மாளிகையையும் ஏடுகளையும் பராமரிக்கப் போதிய பணம் மட்டும் அவர் விட்டுச் சென்றிலர்.

சிதறிய செல்வம்

1885இல் நீதிமன்றம் அந்நிபந்தனைகளைத் தளர்த்தி விற்பனைக்கு வழிவிட்டது. மறு ஆண்டே ஏலம் தொடங்கியது. பேரர் தாமஸ் பிட்ஸ்ராய் பென்விக் இப்பணியைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நடத்தினார். ஏலம் ஒருபுறமிருக்க, அரசு நூலகங்களுக்கும் பெருஞ் செல்வருக்கும் தனியே எழுதி, தனியே பேசி விற்கவும் செய்தார். மீர்மன் ஏடுகள் 1887இல் பெர்லின் அரசு நூலகத்தை அடைந்தன. பெல்ஜிய நாட்டுக்கு உரியவை பிரசல்ஸையும், யூட்ரெக்ட் பகுதிக்கு உரியவை யூட்ரெக்டையும் சென்றடைந்தன. வீடு விட்டுப் போன ஏடுகள் நூறாண்டு கழிந்து தத்தம் நாடு திரும்பின என்றே சொல்லலாம். அமெரிக்காவில் மார்கன், ஹண்டிங்டன் ஆகியோர் நூலகங்களும் சிறந்த ஏடுகளைப் பெற்றன. செஸ்டர் பீட்டியும் பொன்வண்ண ஏடுகள் பலவற்றை வாங்கினார்.

அவ்வாறு சென்ற ஓர் ஏட்டின் கதையை மட்டும் இங்கே சொல்லுதும். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் ஆக்கப்பட்ட ஓவிய ஏடு அது. பழைய ஏற்பாட்டுக் கதைகள் முழுப்பக்க ஓவியங்களாக அதில் தீட்டப்பட்டுள்ளன. முதலில் அதில் எழுத்தே இல்லை. பின்னர் ஒருவர் லத்தீன் மொழியில் ஓரங்களில் விளக்கம் எழுதினார். போலந்து நாட்டுக் கிராக்கோ நகரத்துக் கார்டினல் மசியோவ்ஸ்கி கைக்கு அது வந்தது. அவர் அதனைப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்குக் கையுறையாக அனுப்ப, 1608இல் இஸ்பஹான் நகரில் அது மன்னரைச் சேர்ந்தது. அங்கே ஓவியங்களுக்குப் பாரசீக மொழியில் விளக்கம் எழுதப்பட்டது. பின்னர் யூதர் ஒருவர் கைப்பட, எபிரேய எழுத்தில் பாரசீக மொழி விளக்கமும் ஏறியது. 1833இல் அது லண்டன் சந்தைக்கு வந்தபோது பிலிப்ஸ் வாங்கினார். 1916இல் மார்கன் நூலகம் வாங்கியது. அதன் 43 ஏடுகள் இன்றும் நியூயார்க்கில் அந்நூலகத்தில் உள்ளன. மூன்று மொழியார், மூன்று சமயத்தார் ஓரங்களில் எழுதி வைத்த அவ்வேட்டைப் பலரும் இன்று காண்கின்றனர். பூட்டிய பெட்டியில் இருந்திருப்பின் யார் கண்டிருப்பார்?

பென்விக் 1938இல் இறந்தார். எஞ்சியவற்றை, என்னென்ன உள்ளன என்று முற்றும் ஆராயாமலே, லண்டன் நூல் வணிகரான ராபின்சன் உடன்பிறந்தார் 1946இல் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கினர். இறுதிப் பகுதியை நியூயார்க் வணிகர் கிராஸ் 1977இல் வாங்கினார். ஒருவர் ஐம்பது அறுபது ஆண்டுகளில் திரட்டியதைப் பிரித்து விற்று முடிக்க அதனினும் நெடுங்காலம் தேவைப்பட்டது. திர்ல்ஸ்டேன் மாளிகை இன்று செல்ட்டனம் கல்லூரிக்கு உரியதாய் உள்ளது.

ஹாலிவெல் என்னானார் எனக் கேட்கலாம். 1872இல் மனைவியின் வழியே நிலத்தின் உரிமை வரவே, தம் பெயருடன் பிலிப்ஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஹென்றியெட்டா 1879இல் மறைந்தார். ஹாலிவெல் ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்றார். அப்புலவர் இறுதி நாளில் வாழ்ந்த மனையிடத்தைப் பொதுமக்கள் பணத்தால் மீட்டுப் பொதுவுடைமையாக்க உழைத்தார். தாம் திரட்டிய நூல்களுட் பலவற்றை எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கும் பென்சான்ஸ் நகர நூலகத்துக்கும் தம் வாழ்நாளிலேயே நன்கொடையாக அளித்தார். ஏடு திருடியவர் என மாமனாரால் தூற்றப்பட்டவர் கொடுத்து மறைந்தார். ஏடு காத்தவர் எனப் பெயர்பெற்றவர் கொடுக்கமாட்டாமலே மறைந்தார். இருவருள் யார் நல்லவர் என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. பிலிப்ஸ் வாங்காதிருந்தால் அவ்வேடுகளுட் பல கொப்பரையில் வெந்திருக்கும். அதற்காக உலகம் அவருக்குக் கடன்பட்டுள்ளது.

நமது அலமாரி

இனி, தொடக்கத்திற் கூறிய பயனுக்கு வருவோம். நமது சங்கத்து நூலகம் என்பது நான்கு அலமாரிகளே. ஆயினும், பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மவர் தம் சட்டையையும் தட்டுமுட்டையும் விட்டு, டிரங்குப் பெட்டியில் இடம் பண்ணிக் கொணர்ந்த நூல்கள் அவை. முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரும் வாங்கிய தேதியும் எழுதியிருக்கும். சிலவற்றில் பிறந்த குழந்தையின் நட்சத்திரமும் எழுதியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். அவருடைய மைந்தர் ஒரு மாலையில் சங்கத்துக்கு வந்து, தந்தையார் வைத்துச் சென்ற இரண்டு பெட்டி நூல்களைச் சங்கத்துக்கு அளிக்க விரும்புவதாகச் சொன்னார். அன்று செயற்குழுவில் நாமும் இருந்தோம். இடம் எங்கே என்றார் ஒருவர். கிழிந்தவை வேண்டா என்றார் மற்றொருவர். முதலில் பட்டியல் எழுதித் தரட்டும். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றோம் நாம். ஆம், அதனைச் சொன்னவர் நாமே. பட்டியலின்றிச் சரக்கு ஏற்காத பழக்கம் நம்மை அவ்வாறு பேசச் செய்தது. அடுத்த கூட்டம் மூன்று திங்கள் கழித்தே கூடிற்று. அதற்குள் அம்மைந்தருக்கு வேறூருக்கு மாற்றல் வந்துவிட்டது. தமிழ் படிக்கத் தெரியாத அவர், வீடு காலி செய்யும் அவசரத்தில் இரண்டு பெட்டியையும் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டார். என்னென்ன நூல்கள் அவற்றில் இருந்தன என்பதை இனி ஒருவரும் அறியார். அவர் மேல் நாம் குறை கூறோம். அவர் கொடுக்கத்தான் வந்தார்.

பிலிப்ஸின் வரலாற்றைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கொடுப்போர் நிபந்தனையால் ஏடுகள் சிதறியதை அவர் வாழ்க்கையிற் கண்டோம். கொள்வோர் நிபந்தனையாலும் சிதறும் என்பதை நம் வாழ்க்கையிலேயே கண்டோம்.

ஆதலின், அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலே பழைய தமிழ் நூல் இருப்பின், நும் மக்கள் அதனைப் படிப்பரா என்று எண்ணிப் பாருங்கள். படிப்பராயின் அவர் கையில் இன்றே கொடுத்துப் பழக்குங்கள். படியாராயின் நாம் இருக்கும்போதே சங்கத்துக்கு அளியுங்கள். பட்டியல் வேண்டா, அட்டையும் வேண்டா. ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் நாம் நூலகத்தில் இருப்போம். பட்டியலை நாமே எழுதிக்கொள்வோம். ஐந்தாவது அலமாரிக்கு மரம் சொல்லியாகிவிட்டது.